நல்ல இசைன்னா தானா நிக்குமா?

"நல்ல மியூசிக்கா இருந்தா காலம் கடந்து தானா நிக்கும், நிக்கலன்னா அதுல சரக்கு இல்லன்னு அர்த்தம்"னு ஒரு நண்பர் சொன்னதுல இருந்து மனசே ஆறல, அதான் இந்தப் பதிவு. நாவல்னா பரண்ல கிடந்தாலும் நாளைக்கே தூசி தட்டி படிச்சிரலாம். ஓபரா, அதாவது முழுக்கப் பாட்டாவே நடக்கிற நாடகம், அப்படியா? ஆர்கெஸ்ட்ரா வேணும், கோரஸ் வேணும், மேடை வேணும், வாரக்கணக்குல ரிகர்சல் வேணும், அதெல்லாம் கூடி வர்ற வரைக்கும் ஸ்கோர், அதாவது எழுதி வச்ச இசைக்குறிப்பு, வெறும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

உதாரணத்துக்கு எத்தல் ஸ்மைத்னு ஒரு இங்கிலாந்து அம்மா, இசையமைப்பாளர், 1858ல பொறந்தவங்க. அப்பா ராணுவ ஜெனரல், மியூசிக் படிக்கவே கூடாதுன்னு நின்னார், இவங்க ரூமைப் பூட்டிக்கிட்டு அடம்பிடிச்சு 19 வயசுல ஜெர்மனியில லைப்சிக் போய்ச் சேர்ந்தாங்க. 1893ல லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்ல அவங்களோட 'மாஸ் இன் டி', திருப்பலிக்கான பெரிய கோரஸ் படைப்பு, அரங்கேறுச்சு. ஜனங்க கைதட்டினாங்க. அடுத்து அதை முழுசா யாராச்சும் பாடினது 1924ல. நடுவுல 31 வருஷம்! அத்தனை வருஷமும் அதுல சரக்கு இல்லாம இருந்துச்சா என்ன?

அவங்க எழுதினதுல எனக்கு உயிர் 'தி ரெக்கர்ஸ்' ஓபராதான். கார்ன்வால் கடற்கரை கிராமம், கலங்கரை விளக்கை அணைச்சு கப்பலை பாறையில மோதவிட்டு கொள்ளையடிக்கிற ஜனங்க, அதே வாயால சாமிப்பாட்டும் பாடுறாங்க. ரகசியமா தீ மூட்டி கப்பலைக் காப்பாத்துற காதல் ஜோடியை கடைசில ஒரு குகையில அடைச்சிடுவாங்க, அலை ஏறி ஏறி வரும். இதுல ஊரே ஒரு பாத்திரம், அதாவது கோரஸ்தான் உயிர்நாடி.

1906 நவம்பர்ல லைப்சிக்ல முதல் ஷோ. ஜனங்களுக்குப் பிடிச்சிருச்சு, ஆனா ஆர்கெஸ்ட்ராவை நடத்துற கண்டக்டர் மூணாவது அங்கத்தை கண்டபடி வெட்டிட்டார். வெட்டினதை திரும்பச் சேருங்கன்னு ஸ்மைத் கேட்டாங்க, முடியாதுன்னுட்டாங்க. அந்தம்மா என்ன பண்ணாங்க தெரியுமா, நேரா ஆர்கெஸ்ட்ரா உக்கார்ற குழிக்குள்ள இறங்கி, ஒவ்வொரு ஸ்டாண்டுலயும் இருந்த நோட்ஸ் பேப்பரை எல்லாம் வாரிக்கிட்டு, ஸ்கோரையும் எடுத்துக்கிட்டு பிராக்குக்கு ரயில் ஏறிட்டாங்க. அவ்வளவுதான், லைப்சிக்ல ஷோ காலி. பிராக்லயோ ரிகர்சலே பத்தல, சொதப்பல். ரெண்டு ஊர்லயும் தோத்தது மியூசிக் இல்லைங்க, மேடை.

அவங்க சும்மா கோவக்காரின்னு சொல்றவங்களும் உண்டு. எனக்கு கண்ணுல தண்ணி வருது. வருஷக்கணக்கா எழுதினதை ஒருத்தர் கத்திரிக்கோல் போட்டா பாத்துட்டு சும்மா இருக்கணுமா?

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவை எடுத்துக்கோங்க. 1903ல இவங்களோட 'டெர் வால்ட்' அங்க நடந்துச்சு, பெண் எழுதின ஓபரா அந்த மேடை ஏறுனது அதுதான் முதல் தடவை. ரெண்டாவது பெண் எப்போ? 2016, பின்லாந்தோட காயா சாரியாஹோ. 113 வருஷமா ஒரு பொண்ணுக்கும் எழுதத் தெரியலன்னு யாராச்சும் வாய் கூசாம சொல்ல முடியுமா?

1912ல பெண்கள் ஓட்டுரிமைக்காக மந்திரி வீட்டு ஜன்னல்ல கல்லெறிஞ்சு ஹாலோவே ஜெயிலுக்குப் போனாங்க. பார்க்கப் போன கண்டக்டர் தாமஸ் பீச்சம் சொன்னது இது: முற்றத்துல கைதிப் பெண்கள் இவங்க மெட்டமைச்ச 'மார்ச் ஆஃப் தி விமன்' பாடிக்கிட்டே நடக்குறாங்க, மேல ஜன்னல் வழியா இவங்க டூத் பிரஷ்ஷால தாளம் போட்டு கண்டக்ட் பண்றாங்க. மேடை கிடைக்காத மனுஷிக்கு ஜெயில் முற்றம் மேடை ஆயிருக்கு.

2022ல இங்கிலாந்தோட கிளைண்ட்போர்ன் ஓபரா விழாவுல 'தி ரெக்கர்ஸ்'ஸை முதல்ல எழுதின பிரெஞ்சு வரிகளோட மேடை ஏத்தினாங்க. ஸ்மைத் 1944லயே போயிட்டாங்க.

கேக்கணும்னு தோணினா 'மாஸ் இன் டி'ல இருந்து ஆரம்பிங்க. வழக்கமா கடவுளைப் புகழ்ந்து பாடுற 'க்ளோரியா' பகுதி முன்னாடியே வந்துரும், இவங்க அதை கடைசில பாடணும்னு சொல்லிட்டாங்க, சந்தோஷத்தோட முடியணும்னு. பாதியில நிறுத்திராதீங்க, அது வரைக்கும் கேளுங்க.