கணக்குக் கேளுங்கள், எல்லாரிடமும் கேளுங்கள்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சின்னக் கிறிஸ்தவ சபையில் நடந்ததை எல்லாரும் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள், திரும்ப விளக்கப் போவதில்லை. அதற்குக் கீழே நீங்கள் எழுதின கருத்துகளுக்குத்தான் இந்தப் பதில். ஆராதனை முடியமுதலே அதிகாரிகள் உள்ளே வந்து, காணிக்கைக் கொப்பியையும் சபையின் பதிவுப் பத்திரத்தையும் ஒன்றாகக் கேட்டார்கள். எனக்கு ஒன்றுதான் தெரியவேண்டும்: கணக்குப் பார்க்க வந்தார்களா, ஜெபத்தை நிறுத்த வந்தார்களா?

கணக்குக் கேட்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. சனத்தின் காசை வாங்குகிற எவரும் கணக்குக் காட்டத்தான் வேண்டும். தீர்க்கதரிசி என்று சொல்லிக் கோடிகளில் புரள்கிறவர்களைத் தாராளமாக விசாரிக்கட்டும். எங்கள் சபையில் காசு எண்ணுவது என் அம்மா. காணிக்கைப் பையைப் பாயில் கொட்டி, கசங்கின இருபது ரூபாய்த் தாள்களை முழங்காலில் வைத்து நீவி, சில்லறையைப் புறம்பாக அடுக்கி, சீ.ஆர். என்கிற தடித்த கொப்பியில் எழுதி, பக்கத்தில் இருக்கும் அக்காவிடம் கையெழுத்தும் வாங்குவா. ஒழுகுகிற தகரத்தை மாற்ற இன்னும் காசு சேரவில்லை. இதுதான் நீங்கள் சொல்லும் ‘வெளிநாட்டுக் காசுக் கூட்டம்’.

“விகாரைக்கும் பள்ளிவாசலுக்கும் சட்டம் இருக்கு, உங்களுக்கு மட்டும் என்ன கொம்பா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரி, இருக்கிறது. விகாரைச் சொத்துக்கு 1931ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், பள்ளிவாசலுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம். அவை சட்டங்கள் ஐயா. சின்னச் சபைகளிடம் நீட்டப்படுவது 2008இல் மத விவகார அமைச்சு அனுப்பிய சுற்றறிக்கை. அதுவும் புதிதாகக் கட்டடம் கட்ட அனுமதி எடுக்கச் சொல்கிற கடதாசி. இருக்கிற கொட்டிலுக்குள் பாட்டுப் பாட அனுமதி எடு என்று அதில் எந்த வரியில் இருக்கிறது? மத சுதந்திரம் இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையில் இருக்கிறது. சுற்றறிக்கை அதைவிடப் பெரிதாகிவிட்டதோ?

கணக்குக்குச் சட்டம் போடுங்கள். கோயில், தேவாலயம், சபை எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிப் போடுங்கள். கொப்பியோடு முதல் ஆளாக அம்மா வந்து நிற்பா.

“பால்மாவுக்கு மதம் மாறின சனம்தானே” என்றும் ஒரு கருத்து. அதற்கு எத்தனை லைக்! 2009இல் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் பால்மாவுக்கு எல்லாரும்தான் வரிசையில் நின்றோம். வாங்கினவர்கள் எல்லாரும் மாறிவிட்டார்களா? இதற்குமேல் பதில் சொல்ல மனமில்லை.

2024 சிவராத்திரிக்கு வவுனியா வெடுக்குநாறிமலைச் சிவன் கோயிலில் பூசை செய்தவர்களைப் பொலிஸ் பிடித்தபோது இதே பக்கத்தில் எழுதினேன். “நீ வேதக்காரி, உனக்கென்ன?” என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் பிள்ளை என்றீர்கள். இப்போது எங்கள் சபைக்குள் சப்பாத்தோடு வந்திருக்கிறார்கள், நீங்கள் பதிவு இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். கனடாவிலும் சுவிஸிலும் இருந்து வந்த காசில் கோபுரம் எழும்பும்போது அது உறவுகளின் பங்களிப்பு. எங்களுக்கு யாராவது ஒரு மைக் வாங்க அனுப்பினால் அது சதி. நல்ல கணக்கு.

பெரியப்பா, அந்தப் பால்மாக் கருத்துக்கு நீங்களும் சிரிப்புக் குறி போட்டிருந்தீர்கள். அம்மாவும் பார்த்தா.