கரண்ட் போனால் கூரை சோலாரும் நிற்பது பழுதா?

“கூரையில் சோலார் போட்டால் மின்வெட்டே தெரியாது. பட்டப்பகலில் கரண்ட் போனதும் சோலாரும் நின்றால், மட்டமான இன்வெர்ட்டரைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அர்த்தம்.” வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தத் தகவல் தவறு. நம்பினால் ஆபத்தும்கூட.

பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைந்த இன்வெர்ட்டர், லைனில் இருக்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அலையைப் பார்த்துத்தான் தன் அலையை உருவாக்குகிறது. உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடி, பேனலின் டிசியை (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) வீட்டுக்கு வரும் ஏசியாக (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) மாற்றுகின்றன. லைன் செத்ததும் 2 நொடிக்குள் ‘டக்’கென்று ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) விழுந்து இணைப்பைத் துண்டிக்கும். விதியே அப்படித்தான்.

துண்டிக்காவிட்டால்? தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும். உங்கள் வீட்டு 230 வோல்ட் அதன் வழியே திரும்பி ஏறினால், மேலே 11,000 வோல்ட். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேனின் உயிர் அந்த ரிலேயில் இருக்கிறது.

சரி, மின்வெட்டிலும் கரண்ட் வேண்டுமென்றால்? பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டர் போடுங்கள். அது வீட்டை லைனிலிருந்து பிரித்துவிட்டுத் தானே அலையை உருவாக்கும். ஆனால் வீட்டு யுபிஎஸ் அவுட்புட்டைச் சோலார் இன்வெர்ட்டரில் கொடுத்து ‘ஏமாற்றி’ ஓட்டச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். மிஞ்சும் மின்சாரம் திரும்பி யுபிஎஸ்ஸுக்குள் பாய்ந்து அதை எரித்துவிடலாம்.