ஐந்து நாடு, இருபத்தைந்து நாள்: கோடை பேக்பேக்கிங் பற்றிக் கொஞ்சம் கறாராக

மார்ச் பிறந்தால் போதும், பயணக் குழுக்களில் ஒரே திட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா, மலேசியா. ஐந்து நாடு, இருபத்தைந்து நாள், முதுகில் ஒரு பை. மேப்பில் பார்த்தால் எல்லாம் ஒரே தெருவில் உள்ள வீடுகள் மாதிரித்தான் தெரியும். எக்செல் ஷீட்டில் நாளுக்கொரு வண்ணம் பூசி ஜோராக இருக்கும். எல்லை தாண்டுவதற்கு மட்டும் அதில் ஒரு கட்டம்கூட ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

தரைவழி எல்லை ஒன்றைத் தாண்ட ஒரு பகல் போய்விடும். விடியற்காலை பஸ், அங்கிருந்து எல்லைக்கு ஷேர் வண்டி, இந்தப் பக்கம் முத்திரை, அந்தப் பக்கம் விசா, பணம் மாற்றல், ஊருக்குள் போக இன்னொரு வண்டி. அறைக்குப் போய்ச் சேரும்போது இருட்டியிருக்கும். ஐந்து நாட்டுக்கு நான்கு எல்லை. போகவும் வரவும் விமானத்துக்கு இரண்டு நாள். ஆறு நாள் காலி. மூன்றரை வாரம் கையில் இருந்தால் மூன்று நாடு போதும் என்பது என் கட்சி. நாலாவது நாட்டை ஸ்டேட்டஸில் போடலாம், பார்க்க முடியாது.

எந்த மூன்று? மழையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நம்மூர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தாய்லாந்தில் புக்கெட், கிராபி இருக்கும் அந்தமான் கடல் பக்கம் கேரளா மாதிரி: மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை. அலை அதிகம், படகு ரத்தாகும், கடற்கரையில் சிவப்புக் கொடி ஏற்றிவிடுவார்கள். மே, ஜூனில் புக்கெட் ரிசார்ட் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று துள்ளுபவர்களுக்கு விஷயம் இதுதான். எதிர்ப்பக்கம், தாய்லாந்து வளைகுடாவில் உள்ள சாமுய், பாங்கான், தாவ் தீவுகள் சென்னை மாதிரி. அங்கே பெருமழை அக்டோபருக்கு மேல், வடகிழக்குக் காற்றோடுதான் வரும். கோடையில் கடல் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பக்கம் போங்கள். மலேசியாவின் கிழக்குக் கரையில் இருக்கும் பெர்ஹெந்தியான் தீவுகளுக்கும் இதே கணக்குதான். வியட்நாமின் நடுப்பகுதி, அதாவது ஹுவே, டா நாங், ஹோய் ஆன், கோடை முழுக்கக் காய்ந்து கிடக்கும். வெயில் மண்டையைப் பிளக்கும், ஆனால் மழை செப்டம்பருக்கு மேல்தான்.

வடக்கு தாய்லாந்தின் சியாங் மாயை மட்டும் மார்ச்சில், ஏப்ரல் முதல் பாதியில் தவிர்த்துவிடுங்கள். வயலில் அறுவடைக் கழிவு எரிப்பதும் காட்டுத் தீயும் சேர்ந்து ஊரே புகைக்குள் இருக்கும். மலை பார்க்கப் போய் மலையே தெரியாமல் திரும்புவார்கள். லாவோஸின் லுவாங் பிரபாங்கிலும் இந்தப் புகை உண்டு. முதல் மழை விழுந்த பிறகு போனால் நல்லது.

ஏப்ரல் நடுவில் இன்னொரு சிக்கல். நமக்குச் சித்திரை பிறக்கும் அதே வாரம்தான் தாய்லாந்தில் சொங்க்ரான், லாவோஸில் பீ மாய், கம்போடியாவில் புத்தாண்டு. சூரியன் மேஷத்துக்குள் நுழையும் அதே கணக்கு. சொங்க்ரான் என்ற பெயரே சங்கராந்திதான். தண்ணீர் ஊற்றிக் கொண்டாடுவதைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் சரி, ஒரே ஊரில் நான்கு நாள் உட்கார்ந்துவிடுங்கள். நகர நினைத்தால் ரயில், பஸ் எதிலும் இடம் இருக்காது. பாங்காக்கே சொந்த ஊருக்குக் கிளம்பும், நம் தீபாவளிக்குக் கோயம்பேடு மாதிரி. வியட்நாமில் இதே நெரிசல் ஏப்ரல் 30, மே 1 இரண்டு நாளும்.

ஆகவே ஏப்ரல் கடைசியில் கிளம்புபவர்களுக்கு நான் சொல்லும் வழி: பாங்காக்கில் இறங்கி, லாவோஸ் வழியாக வியட்நாம், அங்கிருந்தே வீடு. திரும்ப பாங்காக்குக்கு வந்து ரிட்டர்ன் பிடிப்பது மிச்சம் மாதிரித் தெரியும். ஒரு நாளும் ஒரு விமான டிக்கெட்டும் கூடுதலாகப் போய்விடும்.

பாங்காக்கில் நீண்டதூர ரயில்கள் 2023 ஜனவரியிலிருந்து குருங் தெப் அபிவத் ஸ்டேஷனிலிருந்துதான் கிளம்புகின்றன. பழைய வீடியோ பார்த்துவிட்டு ஹுவா லம்போங்குக்குப் போய் நிற்காதீர்கள். அபிவத்திலிருந்து லாவோஸ் தலைநகர் வியன்டியானுக்கு 2024 ஜூலை முதல் நேரடி இரவு ரயில் இருக்கிறது. இரண்டாம் வகுப்பு ஏசியில் கீழ் பெர்த் எடுங்கள்; மேல் பெர்த்தைவிட அகலம். ஏசி குளிர் எலும்பில் ஏறும், ஒரு கைலி தேவைப்படும். காலையில் எல்லையில் உள்ள நோங் காய் ஸ்டேஷனில் பையோடு இறங்கி தாய்லாந்து முத்திரை வாங்கிக்கொண்டு மறுபடி ஏற வேண்டும்.

லாவோஸ் விசா எல்லையிலேயே கிடைக்கும். இந்தியர்களுக்குச் சுமார் 40 டாலர், ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. சனி, ஞாயிறு என்றால் மேற்கொண்டு ஒன்றிரண்டு டாலர் கேட்பார்கள். இங்கே மாட்டிக்கொள்வது நோட்டால்தான்: முனை கிழிந்தது, பேனாக் கிறுக்கல் விழுந்தது, நடுவில் மடிப்பு வெளுத்தது எதையும் தொடக்கூட மாட்டார்கள். சென்னையில் வாங்கும்போதே ஒவ்வொரு நோட்டாகப் புரட்டிப் பார்த்து, பத்தும் இருபதுமாகக் கேளுங்கள்.

வியன்டியானிலிருந்து லுவாங் பிரபாங் போக, 2021 டிசம்பரில் திறந்த சீன ரயில் பாதை வந்த பிறகு இரண்டு மணி நேரம்தான். முன்பு மலைப்பாதையில் பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கக் குலுங்க வேண்டும். டிக்கெட் வாங்க பாஸ்போர்ட் வேண்டும். ஸ்டேஷன் ஊருக்கு வெளியே, விமான நிலையம் மாதிரிச் சோதனை. கத்தி, கத்தரிக்கோல், ஸ்ப்ரே டப்பா எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். கொசு விரட்டியை க்ரீமாகவும் டியோடரன்டை ரோல்-ஆனாகவும் வாங்கிவிட்டால் தப்பும்.

லுவாங் பிரபாங்கிலிருந்து ஹனோய்க்குப் பஸ்ஸில் போவதை வீரமாக எழுதுகிறார்கள். இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல், மலைப்பாதை, ஆறடி ஆளுக்குக் கால் நீட்ட முடியாத பெர்த். விமானத்தில் ஒரு மணி நேரம். காசு இருந்தால் யோசிக்காமல் பறந்துவிடுங்கள். ஹுவேயிலிருந்து டா நாங் வரும் மூன்று மணி நேரப் பாதையை மட்டும் பகல் ரயிலில், இடது பக்க ஜன்னலில் வாருங்கள். ஹாய் வான் மலையைச் சுற்றி ரயில் ஊர்ந்து வரும்போது காலடியிலேயே கடல்.

கம்போடியாவையும் சேர்க்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு: தாய்லாந்து–கம்போடியா தரை எல்லைகள் 2025 ஜூனில் மூடப்பட்டன, ஜூலையில் சண்டையே நடந்தது. பாங்காக்கிலிருந்து எல்லை ஊரான போய்பெட் வழியாக அங்கோர் கோயில்களுக்குப் போகும் பழைய வ்லாக்குகளை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஹோ சி மின் நகரத்திலிருந்து புனோம் பென்னுக்குப் பஸ்ஸில் போகலாம், அல்லது விமானம்.

இனி பேப்பர் வேலை. முதல் எல்லை மீனம்பாக்கத்தில் செக்-இன் கவுண்டரிலேயே ஆரம்பிக்கிறது. ஒருவழி டிக்கெட்டோடு போனால் அடுத்த நாட்டுக்குப் போகும் டிக்கெட் எங்கே என்று கேட்பார்கள். இல்லையென்றால் போர்டிங் பாஸ் கிடையாது. ஊருக்குத் திரும்பும் டிக்கெட், முதல் இரண்டு இரவுக்கு அறை, தாய்லாந்துக்கு ஆளுக்கு 10,000 பாட் மதிப்புக்குக் காசு. டிக்கெட்டையும் அறை புக்கிங்கையும் பிரின்ட் எடுத்து வையுங்கள், போன் சார்ஜ் போகும் இடம் கவுண்டர்தான். தாய்லாந்து இந்தியர்களுக்கு விசா இல்லாமல் தங்கும் காலத்தை 2024 ஜூலையில் 60 நாளாக்கியது, மலேசியா 30 நாள் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டியிருக்கிறது. இவையெல்லாம் அரசு நினைத்தால் மாறும் விஷயங்கள்; டிக்கெட் போடும் வாரத்தில் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டு நாட்டுக்கும் டிஜிட்டல் வருகை அட்டை உண்டு. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், இலவசம். காசு கேட்கும் தளம் போலி.

வியட்நாம் இ-விசா ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50. 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் வரை தருகிறார்கள். மூன்று வேலை நாள் என்பார்கள். இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். எந்த இடத்தில் நுழைகிறீர்கள் என்று படிவத்தில் கேட்கும்போது யோசித்துப் போடுங்கள். விசாவில் உள்ள தேதிக்கு ஒரு நாள் முன்னால் போய் இறங்கினாலும் உள்ளே விட மாட்டார்கள்.

நம் ஆட்களுக்கென்றே ஒரு தனித் தலைவலி, பெயர். அப்பா பெயரை இனிஷியலாக வைத்துப் பழகிய நமக்குப் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். டிக்கெட் தளம் கடைசிப் பெயர் இல்லாமல் நகராது. உடனே ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், இன்னொருவர் இனிஷியலைப் போடுவார், விசாவில் மூன்றாவது விதமாக இருக்கும். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதே, கவுண்டரில் மெஷின் படிப்பது அதைத்தான். விசாவில் பெயர் அதன்படி இருக்க வேண்டும். டிக்கெட்டில் கடைசிப் பெயருக்கு என்ன போடுவது என்பதை அந்தந்த ஏர்லைனிடம் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். பல ஏர்லைன்களில் அதே பெயரை இரண்டு முறை போடச் சொல்வார்கள்.

பை 40 லிட்டருக்கு மேல் வேண்டாம். ஏர் ஏசியா, வியட்ஜெட் இரண்டிலும் கையில் கொண்டுபோக 7 கிலோ. தராசில் வைத்தே பார்ப்பார்கள். காலிப் பை 1.4 கிலோ, துணி 2, செருப்பு 400 கிராம், சோப்பு மருந்து வகை 800, சார்ஜரும் பவர்பேங்க்கும் 700, மழைக்கோட்டு 300, துண்டும் கைலியும் 500. ஆறு கிலோ சொச்சம். மிச்சம் உள்ளதில்தான் ஊறுகாய். ஜீன்ஸ் எடுக்காதீர்கள், அந்தப் புழுக்கத்தில் இரண்டு நாள் காயாது. டர்க்கி டவலும் அப்படியே. ஈரிழைத் துண்டு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். பவர்பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், 100 வாட்-ஹவர் வரை. 20,000 எம்ஏஎச் என்றால் 74, பயமில்லை. 2025 முதல் பல ஏர்லைன்கள் பறக்கும்போது அதில் சார்ஜ் போடவும் தடை போட்டிருக்கின்றன.

காசு விஷயத்தில் கிளம்புவதற்கு முந்தைய வாரமே இரண்டு வேலை. வங்கி ஆப்பில் கார்டின் வெளிநாட்டு உபயோகத்தை ஆன் செய்யுங்கள். சிம்மில் ரோமிங் ஆன் செய்யுங்கள். இ-சிம்மில் நெட் ஓடும், ஆனால் ஓடிபி வருவது நம்மூர் நம்பருக்குத்தான், அது வராமல் ரயில் டிக்கெட்கூட எடுக்க முடியாது. தாய்லாந்து ஏடிஎம்மில் வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட்டாவது பிடிப்பார்கள், ஆகவே ஒரே தடவையில் பெரிதாக எடுங்கள். ரூபாயில் மாற்றிக் காட்டட்டுமா என்று திரையில் கேட்டால் வேண்டாம் என்று அமுக்குங்கள். அந்த ரேட் கொள்ளை. வியட்நாமில் 20,000 டாங்கும் 500,000 டாங்கும் இரண்டும் நீலம். ராத்திரி டாக்ஸியில் இருபத்தைந்து மடங்கு கொடுத்துவிட்டு இறங்குவது அப்படித்தான். ஐந்து லட்சம் நோட்டை மட்டும் பர்ஸில் தனி அறையில் வையுங்கள்.

வடக்கு வியட்நாமின் ஹா ஜியாங் மலைச் சுற்றில் பைக் ஓட்டும் ரீல்ஸ் பார்த்துவிட்டு ஆசைப்படுபவர்கள் இதைப் படியுங்கள். ஆர்டிஓவில் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி உள்ளது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தத்தின் அனுமதியை. 50 சிசிக்கு மேல் ஓட்டினால் நீங்கள் லைசென்ஸ் இல்லாதவர், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். உள்ளூர்க்காரர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போகும் ஏற்பாடு அங்கே எல்லா விடுதியிலும் உண்டு, அதுவே போதும். தாய்லாந்தில் நம் அனுமதி செல்லும், ஆனால் அதில் டூவீலருக்கு முத்திரை இருக்க வேண்டும். வாடகைக்கு எடுக்கும்போது அடகாகப் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள், பணமாக டெபாசிட் கட்டுங்கள். பழைய கீறல்களைக் கடைக்காரர் கண்முன்னேயே வீடியோ எடுங்கள்.

லாவோஸில் ஓசி சரக்கு தொடாதீர்கள். 2024 நவம்பரில் வாங் வியெங்கில் மெத்தனால் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். சீல் உடைக்காத பீர் போதும். மறுநாள் கண் மங்கினால் ஹேங்ஓவர் என்று படுத்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, சொல்லத் தெரிந்தால் போதும். மீன் இல்லை என்று சொன்னாலும் மீன் சாஸ் ஊற்றிவிடுவார்கள், அது அவர்களுக்கு உப்பு மாதிரி. தாய்லாந்தில் ‘ஜே’ என்று கேளுங்கள். மஞ்சள் பலகையில் சிவப்பெழுத்து தொங்கும் கடை. அதில் முட்டை, மீன் சாஸ், வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. வியட்நாமில் ‘சாய்’. அங்கே அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியிலும் பலர் விரதச் சாப்பாடு சாப்பிடுவதால் அந்த நாட்களில் சாய் கடைகளில் கூட்டம் அலைமோதும், வகையும் கூடுதலாக இருக்கும்.

இவ்வளவு ஏற்பாடு முடியாது என்பவர்கள் மலேசியாவையும் தாய்லாந்தையும் மட்டும் ரயிலில் இணைத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் தமிழிலேயே தோசை சொல்லலாம். எல்லையில் உள்ள படாங் பெசார் ஸ்டேஷனில் இரண்டு நாட்டுக் கவுண்டரும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன, நடந்தே தாண்டிவிடலாம். ஒன்றே ஒன்று, மலேசியக் கடிகாரம் தாய்லாந்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். தாய்லாந்தின் ஹாட் யாயிலிருந்து வருபவர்கள் கோலாலம்பூர் ரயிலை அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.