மேக்ஸ் 100தான் வாங்கினேன், அதுக்கென்ன இப்போ?

முந்தாநாள் நான் வாங்கிய பழைய டிவிஎஸ் சுசுகி மேக்ஸ் 100 பைக்கின் போட்டோவைப் போட்டேன், அதற்குக் கீழே நடந்த கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "இரும்புக் கடைக்குப் போக வேண்டியதை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கான்" என்று ஆரம்பித்துவைத்தவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதற்கு வரிசையாக ஹாஹா வேறு. சரி, சிரியுங்கள்.

பிரித்துப் பார்க்க, கையால் வேலை செய்ய, மறுபடி ஓட வைக்க வாங்கினேன். அவ்வளவுதான். "செலவு பண்ற காசுக்குப் புது வண்டியே எடுக்கலாமே" என்கிறார்கள். எடுக்கலாம். ஏற்கெனவே ஒன்று நிற்கிறது, அதில் ஸ்பேனர் வைத்தால் வாரண்டி போய்விடும்.

அடுத்தது, "யமஹா ஆர்எக்ஸ் 100 வாங்கியிருக்கலாம்ல?" 1996இல் நிறுத்திய வண்டிக்கு இன்றைக்கு லட்சத்துக்கு மேல் சொல்கிறார்கள். அந்த விலை கொடுத்தால் ஒரு போல்ட்டைக் கழற்றவே கை நடுங்கும். மலிவாக வாங்கினால்தான் பயமில்லாமல் கற்றுக்கொள்ள முடியும். மேக்னெட் கவர் ஸ்க்ரூ தலை வழுக்கிவிட்டதா, உளி வைத்துத் தட்டு. சைலன்சருக்குள் இருக்கும் குழாயை உருவித் தீயில் போட்டு, கரி உதிர உதிரத் தட்டி எடுத்தபோது பக்கத்து வீட்டு அக்கா எதை எரிக்கிறாய் என்று மாடியிலிருந்து சத்தம் போட்டார். டேங்க் துருவுக்குப் பழைய நட்டுகளைப் போட்டுக் குலுக்கியதில் தோள் இன்னும் வலிக்கிறது. தேய்ந்த சிலிண்டரை லேத்தில் கொஞ்சம் அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டி, உதைத்து உதைத்துக் கடைசியில் அது உயிர் பிடித்தது பாருங்கள், அதற்கு எந்த ஷோரூமில் பில் போடுவார்கள்?

சட்டம் பேசுகிறவர்களே, வண்டியின் கம்பெனி அமைப்பை மாற்றக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும் 2019 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் எனக்கும் தெரியும். சேசிஸை வெட்டவில்லை, இன்ஜின் அதேதான். மாற்றியது சீட்டும் பெயிண்டும். நிற மாற்றத்தை ஆர்சியில் ஏற்றத்தான் ஆர்டிஓ ஆபீசுக்கு அலைகிறேன். 20 வருஷம் தாண்டிய பைக்குக்கு ஆர்சி புதுப்பிக்க 2000 ரூபாய், அதையும் கட்டுகிறேன். அப்புறம் பெட்ரோலோடு ஆயிலும் எரிகிற டூ ஸ்ட்ரோக் இன்ஜின் புகையா? ஞாயிற்றுக்கிழமை டீக்கடை வரை போய்வருகிற புகையில்தான் ஊர் கெட்டுப்போகிறதாக்கும். விடுங்கள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. "பால்காரன் வண்டி" என்று ஒருத்தர் போட்டாரே, அதுதான் ஆறவில்லை. ஆமாம், பால்காரன் வண்டிதான். என் பெரியப்பா இரண்டு பக்கமும் கேனைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் பால் சொசைட்டிக்குப் போன வண்டி. ஓசூரில் செய்த அந்த வண்டிதான் அக்காவையும் அண்ணனையும் காலேஜ் படிக்க வைத்தது. ஆர்எக்ஸில் வந்தவன் ஹீரோ, மேக்ஸில் வந்தவன் பால்காரன், கேஸ் சிலிண்டர் போடுகிறவன். அதுதானே உங்கள் கணக்கு? இவ்வளவும் பேசியவருக்கு, போன மழையில் வண்டி நின்றபோது என் நம்பர்தான் ஞாபகம் வந்தது. நடுரோட்டில் நனைந்துகொண்டே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொடுத்தேன். அப்போது இந்தக் கிண்டல் எங்கே போயிருந்ததோ!

இடது பக்க சைடு கவர் மட்டும் இன்னும் சிக்கவில்லை. சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளில் தேடிவிட்டேன். யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஹாஹா போட்டவர்களும் சொல்லலாம், காசு கொடுத்துத்தான் வாங்கிக்கொள்வேன்.