ஸ்லைஸைக் குறை சொல்லும் முன்னே லென்ஸைப் பாருங்க

வியாழக்கிழமை எங்க பிள்ளை ஒண்ணு மூளைத் திசு ஸ்லைஸை (மெல்லிய வெட்டை) உங்க டூ ஃபோட்டான் மைக்ராஸ்கோப்புல பாக்கக் கொண்டு வந்து, படம் மங்கலாகிக் கெட்டுப் போனது உங்கள்ல பலருக்கும் தெரியும். "பாளையங்கோட்டையில வெட்டிக் கொண்டு வந்த ஸ்லைஸ் வேற எப்படி இருக்கும்"னு ஒருத்தர் சொன்னதைத்தான் என்னால விழுங்க முடியல.

ஸ்லைஸ்ல குறை இல்லை. லென்ஸ்ல எண்ணெய் இருந்துது.

அது 20 மடங்கு பெருக்குற வாட்டர் டிப்பிங் லென்ஸ். கவர்ஸ்லிப்னு மேல மூடுற மெல்லிய கண்ணாடி இல்லாம, ஸ்லைஸ் கிடக்குற உப்புக் கரைசல்ல (பஃபர்) நேரா முங்குறது. முன்னால வந்த யாரோ அதுல இம்மெர்ஷன் ஆயிலை (வேற வகை லென்ஸுக்குப் போடுற எண்ணெயை) பட வச்சு, துடைக்காமப் போயிருக்காங்க. தண்ணியோட ஒளிவிலகல் எண் 1.33, ஆயிலுக்கு 1.518. நடுவுல மேடும் பள்ளமுமா ஒரு படலம் நின்னா ஒளி ஒரு புள்ளியில குவியாது. டூ ஃபோட்டான்ல ரெண்டு ஒளித்துகள் ஒண்ணாப் பட்டாத்தான் திசு ஒளிரும்; அதனால சிக்னல் ஒளிச்செறிவோட வர்க்கத்தைப் பொறுத்தது. செறிவு பாதியானா சிக்னல் கால்பங்குதான். படம் மங்குதுன்னு லேசர் பவரை ஏத்தினாங்க, ஸ்லைஸோட ஒளிர்வு வெளுத்துப் போச்சு. பழி யாருக்கு? ஸ்லைஸுக்கு.

நரம்பணுவோட கிளையான டென்ட்ரைட் மேல இருக்குற முள் ஒரு மைக்ரான் அளவு. அது மங்கினா எந்த நரம்பணு எதோட சேருதுன்னு எப்படிச் சொல்ல முடியும்?

அந்த ஸ்லைஸ் எப்படிப் போச்சு தெரியுமா? 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடுல பதப்படுத்தி, வைப்ரடோம்ங்கிற அதிரும் பிளேடு கருவியில 100 மைக்ரான் கனத்துக்கு வெட்டி, பிபிஎஸ்ங்கிற உப்புக் கரைசல்ல போட்டு, பச்சையா ஒளிர்ற ஜிஎஃப்பி புரதம் வெளுக்காம இருக்க ஃபாயில் சுத்தி, தெர்மகோல் பெட்டிக்குள்ள. ஜெல் பேக் நேரா படாம நடுவுல துணி வைக்கணும், உறைஞ்சா பனிப்படிகம் திசுவைக் கிழிச்சிரும். நெல்லை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி முழுக்க அந்தப் பிள்ளை மடியில வச்சுக் கொண்டு போச்சு. கருவியில கிடைச்சது ரெண்டு மணி நேரம். லேசர் நிலைப்படவே அரை மணி போயிட்டு. கடைசியில லென்ஸைக் கழட்டி, ஐபீஸைத் தலைகீழாப் பிடிச்சுப் பாத்தப்பதான் ஆயில் தெரிஞ்சுது. அதோட நேரமும் முடிஞ்சுது.

"அண்ணாச்சி, ஒரு சொட்டு ஆயிலுக்கு இவ்வளவு கோவமா?" ஆமா. நம்ம பக்கம் கல்யாணத்துக்குக் கோயில் அண்டாவை எடுத்தா புளி போட்டுத் தேய்ச்சுத்தான் திருப்பி வைப்பாங்க. அடுத்த வீட்டுச் சோறும் அதுலதான் வேகணும். கோடிக்கணக்குல வாங்கின கருவிக்கு அந்த மரியாதை வேண்டாமா?

முதல்ல ப்ளோயரால தூசியை ஊதணும். பஃபர் உப்பு காயுறதுக்குள்ள டிஸ்டில்டு வாட்டர் தொட்ட லென்ஸ் பேப்பர், ஒரே திசையில ஒரே இழுப்பு. அடுத்த இழுப்புக்குப் புதுத் தாள். ஆயில்னா லென்ஸ் கிளீனர். அசிட்டோன் மட்டும் ஆகாது, லென்ஸை ஒட்டின பசையைக் கரைச்சிரும். அகரோஸ் ஜெல்லுல பதிச்ச 0.5 மைக்ரான் பீடை (ஒளிர்ற குட்டி மணியை) கருவியில வேலை தொடங்கும்போதும் முடிக்கும்போதும் படம் எடுத்து லாக்புக்குல ஒட்டுங்க. அந்தப் படத்துல மணிக்கு ஒரு பக்கம் வால் நீண்டா கோளாறு கருவியில, ஸ்லைஸ்ல இல்ல.

அங்க கருவிக்கு ஆபரேட்டர் ஒரே ஆள்ங்கிறது நியாயம்தான், அவரை நான் குறை சொல்லல. ஆனா உங்கள்ல ஒருத்தர் "சொந்தமா ஒண்ணு வாங்கிக்கோங்க"ன்னு எழுதினீங்களே, அது வலிக்குது. அரசுக் காசுல வாங்கின கருவியை வெளியாட்களும் பதிவு பண்ணிப் பயன்படுத்தத்தானே 2020ல ஐ-ஸ்டெம் தளமே வந்துச்சு? தெக்கத்திப் பிள்ளைன்னா விருந்தாளியா?

மீதி ஆறு ஸ்லைஸ் ஃபாயிலுக்குள்ள 4 டிகிரியில இருக்கு. நாள் போகப் போக மங்கும். புது ஸ்லாட் கேட்டு எழுதியாச்சு, பதில் இல்லை. அந்தப் பிள்ளை மறுபடி போகத் தயங்குது. லென்ஸைத் துடைச்சாச்சா? அதை மட்டுமாவது சொல்லுங்க.