குடியுரிமை உள்ளவரும் நிரந்தர வதிவாளரும் ஒன்றல்ல

“கனடாவில் வாழாதவர் தமது துணையை ஸ்பொன்சர் செய்யவே (பொறுப்பேற்றுக் கனடாவுக்கு அழைக்கவே) முடியாது” என்று சொல்லப்படுவது பாதி மட்டுமே சரி. அந்தத் தடை நிரந்தர வதிவாளருக்கே, அதாவது குடியுரிமை பெறாமல் கனடாவில் நிரந்தரமாக வாழ அனுமதி பெற்றவருக்கே, உரியது. கனேடியக் குடியுரிமை உள்ள ஒருவர், கொழும்பில் தம் துணையுடன் வாழ்ந்துகொண்டே விண்ணப்பிக்கலாம், ஆனால் துணை நிரந்தர வதிவாளராகும்போது தாமும் கனடாவில் வாழப்போவதை நம்பத்தக்க விதத்தில் காட்ட வேண்டும். கனடாவிலுள்ள வேலை வழங்குநரின் கடிதம், வீட்டு வாடகை ஒப்பந்தம் போன்றவை இதற்கு உதவும். விவாகப் பதிவுச் சான்றிதழ் திருமணத்தைக் காட்டுமே தவிர, திரும்பிச் செல்லும் எண்ணத்தைக் காட்டாது. வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி, இத்தகைய தகவலை நம்பி, ஒருவர் முன்னதாகவே புறப்பட்டுப் பல மாதங்கள் வீணாகப் பிரிந்திருந்தது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. துணையின் அடிப்படைத் தேவைகளை 3 ஆண்டுகள் கவனிக்கும் பொறுப்போ, ஸ்பொன்சர் செய்பவர் குடியுரிமை உள்ளவராயினும் நிரந்தர வதிவாளராயினும், இரு சாராருக்கும் பொதுவானது.