உம்ராவா, டூரா?

உம்ராவுக்கு, அதாவது மக்காவுக்கான சிறு புனிதப் பயணத்துக்கு, போயிருந்தபோது மதீனாவின் உஹுத் மலைப் பக்கம் எடுத்து நான் போட்ட படத்துக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு மறுபடி எடுத்துச் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. "உம்ராவுக்குப் போனீங்களா, டூருக்குப் போனீங்களா?" என்று ஒரு வரி, கூடவே சிரிக்கும் பொம்மை மூன்று. எழுதியவர் எனக்குச் சாச்சா (சித்தப்பா) முறை வேண்டும், அதனால் அங்கேயே பதில் சொல்லவில்லை. நான் வாயை மூடிக்கொண்டதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்து அதற்கு லைக்கும் போட்டுவிட்டுப் போனார்கள். சரி, இப்போது சொல்கிறேன்.

நான் ஊர் சுற்றப் போகவில்லை.

அன்று சனிக்கிழமை. மதீனாவில் நபியவர்களின் பள்ளியான நபவியில் பஜ்ர் என்ற அதிகாலைத் தொழுகையை முடித்துவிட்டு ஹோட்டல் அறைக்கு வந்து, அறையிலேயே ஒளு (தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவுவது) செய்துகொண்டுதான் பஸ் ஏறினோம். வீட்டில் சுத்தம் செய்துகொண்டு மதீனாவிலுள்ள குபா பள்ளிக்குப் போய்த் தொழுதால் ஒரு உம்ராவின் நன்மை என்று ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் சனிக்கிழமைகளில் நடந்தும் வாகனத்திலும் குபாவுக்குப் போவார்கள் என்பது புகாரி ஹதீஸ் தொகுப்பிலேயே இருக்கிறது. எங்கள் குரூப்பை அழைத்துப்போன ஹஜ்ரத் (மார்க்க அறிஞர்) அந்தக் கிழமையைப் பார்த்துத்தான் ஜியாரத்தை, இந்த இடங்களைப் போய்ப் பார்ப்பதை, வைத்திருந்தார். ஒளுவோடு போய், இரண்டு ரக்அத் தொழுது, உம்மாவின் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்ததற்குப் பெயர் டூர் என்றால், அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்து உஹுத், மக்காக்காரர்களோடு நபியவர்கள் போரிட்ட இடம். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

என் வாப்பா உஹுதைப் பார்த்ததில்லை. உம்ராவுக்கென்று சேர்த்த பணம் ஒரு தடவை லாத்தா (அக்கா) கல்யாணத்துக்குப் போனது, அடுத்த தடவை அவருடைய ஆஞ்சியோவுக்கே போனது. ஆனால் கரண்ட் போன இரவுகளில் எங்களை உட்காரவைத்து அந்தப் போரைத் தரையில் நடத்திக் காட்டுவார். காப்பி டவராவைக் கவிழ்த்து வைத்தால் அது அம்பெறிபவர்கள் நின்ற குன்று. அதைச் சுற்றி ஐம்பது புளியங்கொட்டை, எண்ணித்தான் வைப்பார். பறவைகள் எங்களைக் கொத்திக்கொண்டு போவதைப் பார்த்தாலும் இடத்தை விட்டு நகராதீர்கள் என்று அவர்களுக்கு நபியவர்களின் கட்டளை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து அவர்கள் இறங்கி ஓடும் இடம் வந்ததும் கொட்டைகளை ஒரு வாரு வாரி எடுத்துவிடுவார், ஒரு சிலதான் மிஞ்சும். அந்தக் குன்றை ஏதோ பெரிய மலை என்று நினைத்தே நான் வளர்ந்தேன், இத்தனை உயரத்தை விட்டுவிட்டு ஓடினார்களே என்று அவர்கள் மேல் கோபம் கூட உண்டு.

நேரில் பார்த்தால் அது நிஜமாகவே கவிழ்த்த டவரா. பின்னால் நிற்கும் உஹுத் மலைதான் பெரிது. குன்றின் மேல் நின்றால் கீழே போர் நடந்த இடம் அவ்வளவு பக்கத்தில் தெரிகிறது, இதோ இறங்கினால் போர்ப்பொருளை எடுத்துக்கொள்ளலாம் என்பதுபோல. அங்கே நின்றபோது அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதை எந்தப் பயானிலும் (மார்க்கச் சொற்பொழிவிலும்) நான் கேட்டதில்லை, போய் நின்றால்தான் தெரிகிறது. உம்மா கீழே வீல்சேரில் உட்கார்ந்தபடி அண்ணாந்து பார்த்துவிட்டு, "வாப்பா சொன்ன டவரா இதுதானா?" என்று கேட்டார். அப்போது எடுத்த படம்தான் அது. அந்தப் படத்துக்குக் கீழேதான் மூன்று சிரிப்பு பொம்மை.

உடனே வருவார்கள், மக்கா, மதீனா, ஜெருசலேம் என்ற மூன்று ஊர்ப் பள்ளிகளைத் தவிர வேறெதற்கும் பயணம் கட்டக்கூடாது என்ற ஹதீஸைத் தூக்கிக்கொண்டு. அந்த மூன்றில் ஒன்றுக்குத்தானே ஐயா போயிருந்தோம்! உஹுதுக்கென்று தனியாகவா விமானம் ஏறினோம்? உஹுதில் உயிர்நீத்த ஷஹீதுகளுக்காக எட்டு வருடம் கழித்தும் நபியவர்கள் தொழுது துஆ செய்திருக்கிறார்கள். எழுபது பேர், நபியவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) உட்பட. அவர்களின் கப்றுகளைச் சுற்றிய வேலிக்கு வெளியே நின்று ஸலாம் சொன்னதுதான் நான் செய்த குற்றம்.

படம் எடுப்பது தப்பில்லையா என்று கேட்பீர்கள். கஃபாவைச் சுற்றிவரும் தவாஃபில் நடு வழியில் நின்று வீடியோ கால் பேசுகிறவர்களைப் பார்த்து எனக்கும் எரிச்சல்தான். நானும் ஒன்றிரண்டு எடுத்தேன். அதற்கென்ன இப்போது? அன்றிரவு நபவி பள்ளிக்குள் இருக்கும் ரவ்ழா என்ற சிறப்பான இடத்தில் தொழுதேன். அதற்கு நுசுக் என்ற சவூதி அரசின் ஆப்பில் அனுமதி வாங்க வேண்டும், அதற்காக எத்தனை ராத்திரி ஃபோனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். அதைப் படம் எடுத்துப் போடவில்லை, அதனால் அது நடக்கவே இல்லை போலிருக்கிறது.

இன்னொருவர் உள்பெட்டியில் வந்து, பெண்களுக்கு எதற்கு இந்த அலைச்சல் என்கிறார். நபவி பள்ளிக்குப் பக்கத்து அடக்கஸ்தலமான ஜன்னத்துல் பகீக்குள் பெண்களான எங்களை விடுவதில்லை, சுவருக்கு இந்தப் பக்கம் நின்று ஸலாம் சொல்லிவிட்டு வந்தோம், அதைப் பற்றி யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் உஹுதில் தோல்பையில் தண்ணீர் சுமந்து காயம்பட்டவர்களுக்குக் கொடுத்தது ஆயிஷா (ரலி) அவர்களும் உம்மு சுலைம் (ரலி) அவர்களும். நபியவர்களைக் காப்பாற்ற வாளோடு நின்றவர் நுஸைபா (ரலி). நல்லவேளை, அன்றைக்கு யாரும் அவர்களிடம் டூருக்கு வந்தீர்களா என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டு ஆண்கள் துபாய்க்குப் போய் உயரமான கட்டடத்துக்கு முன்னால் நின்று போட்ட படங்களுக்கெல்லாம் மாஷா அல்லாஹ் எழுதிய சாச்சாவின் அதே கைதான் அந்த டூர் வரியையும் எழுதியிருக்கிறது.

உண்மையாகக் குறை சொல்ல வேண்டுமென்றால் ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்கவில்லை. உஹுதில் எங்களுக்குக் கொடுத்தது இருபத்தைந்து நிமிடம். கிப்லதைன் பள்ளியும் அகழ்ப்போர் நடந்த இடமும் பஸ் ஜன்னல் வழியாகத்தான். பதினாறு பதினேழு மாதம் ஜெருசலேமின் பைத்துல் முகத்தஸை நோக்கித் தொழுதபின் கிப்லா (தொழும் திசை) மக்காவின் கஃபாவுக்கு மாறிய வரலாற்றை ஹஜ்ரத் மைக்கில் சொல்லி முடிப்பதற்குள் பள்ளி பின்னால் போய்விட்டது. பேரீச்சந்தோட்டத்துக் கடையில் மட்டும் முக்கால் மணி நேரம். அது டூர். அதைக் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் அஜ்வா பேரீச்சை அங்கிருந்துதானே வரவேண்டும். நாங்கள் அந்தக் கடையில் நிற்கும்போது சாச்சா வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி இன்னும் என் ஃபோனில் இருக்கிறது: "ரெண்டு கிலோ, நல்லதா பார்த்து."

நல்லதாகப் பார்த்துத்தான் வாங்கினேன். பெட்டி எடை கூடிவிட்டதென்று என்னுடைய இரண்டு துணியை எடுத்துவிட்டு அதை வைத்தேன். ஃப்ரிட்ஜில் இருக்கிறது சாச்சா, எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். உம்மா வீட்டில்தான் இருப்பார். அந்தக் கமெண்டை நான் அவரிடம் காட்டவில்லை. நீங்களே நேரில் கேட்டுவிடுங்கள்.